கிணத்தடிக்குப் பூட்டின கமரா

போன வருசம் ஆவணியில் அம்மம்மா வீட்டுக் கிணத்தடியில் இருந்த தண்ணி மோட்டரைக் கள்ளர் கழட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விடிய எழும்பி சுவிச்சைப் போட்ட அம்மம்மா, சத்தம் வராததால் கரண்ட் இல்லையாக்கும் என்று நினைத்து, தேத்தண்ணி குடித்து, முற்றமும் கூட்டி முடித்த பிறகுதான் கிணத்தடிக்குப் போயிருக்கிறா. அங்கே அறுத்த வயரும் குழாயின் வாயும் நாலு நட்டும் மட்டும் இருந்தன. "நட்டெல்லாத்தையும் வடிவாக் கழட்டி கட்டில வைச்சிட்டுப் போயிருக்கிறான். தொழில் தெரிஞ்ச ஆள்" என்று போனில் சொன்னா. குரலில் பயம் இருக்கவில்லை. கொஞ்சம் மரியாதைகூட இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

பயம் எல்லாம் கனடாவில் இருந்தது. அன்று பின்னேரமே மாமா எடுத்தார். "78 வயசு மனுசி தனிய இருக்கிற வீடு. இண்டைக்கு மோட்டர், நாளைக்கு கழுத்தில கிடக்கிறது. நான் காசு போடுறன், நீ கமரா பூட்டு."

ஏன் நான்? நான் வெள்ளவத்தையில் இருந்து ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறவள். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய போனில் ஒருக்கா வட்ஸ்அப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டால், செத்தாலும் நீங்கள்தான் அந்தக் குடும்பத்தின் இன்ஜினியர். அப்படித்தான் இந்தக் கதை தொடங்கியது. கமரா வாங்க யோசிக்கிறவர்களுக்கு இதில் உதவியான விசயங்கள் இருக்கின்றன. அதோடு நான் செய்த ஒரு பிழையும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உண்மையில் எழுதுகிறேன்.

வாங்கின கதை

"வயர்லெஸ் கமரா" என்றால் வயரே இல்லை என்று நான் நினைத்திருந்தேன். கடையில் நின்ற தம்பிதான் சிரித்துக்கொண்டு விளங்கப்படுத்தினார். படம் போவதற்குத்தான் வயர் தேவையில்லை. கரண்டுக்கு வயர் வேண்டும். முழுக்க வயர் வேண்டாம் என்றால் பற்றரியில் ஓடுகிற கமரா இருக்கிறது. அதற்குச் சின்ன சோலார் தட்டும் பூட்டலாம். ஆனால் அது எந்த நேரமும் பதிவு செய்யாது. பற்றரி மிச்சம் பிடிக்க நித்திரை கொண்டிருக்கும். முன்னால் சூடான உடம்பு ஒன்று அசைந்தால் சென்சர் அதை எழுப்பும். எழும்ப ஓரிரு செக்கன் எடுக்கும். கெதியாய் நடக்கிற ஆளென்றால் முதுகுதான் பதிவாகும். வைஃபையே இல்லாத தோட்டம் துரவுக்கு சிம் போடுகிற கமரா இருக்கிறது. எங்களுக்குச் சரியானது கரண்டில் ஓடி, வைஃபையில் படம் அனுப்புகிற சாதாரண வகைதான் என்று முடிவெடுத்தேன்.

அடுத்தது மெகாபிக்சல். பெட்டியில் எழுதியிருக்கிற பெரிய இலக்கத்தைப் பார்த்து வாங்கக்கூடாது என்பது பிறகுதான் விளங்கியது. பாதுகாப்புக் கமராக்களுக்கு ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை "இவர்தான்" என்று அடையாளம் காட்டுவதற்கு, அவர் நிற்கிற இடத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சல் இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. 2 மெகாபிக்சல் கமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 250ஆல் பிரித்தால் ஏழரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட. வீட்டுக் கமராக்களில் வழமையாக இருக்கிற அகன்ற லென்ஸ், 100 பாகை அளவு பார்க்கும் என்று வையுங்கள். அந்த அகலம் கமராவில் இருந்து மூன்று மீற்றர் தள்ளியே வந்துவிடும். அதாவது மூன்று மீற்றருக்கு அப்பால் நிற்கிற கள்ளன் "ஒரு ஆம்பிளை, கட்டைக் களிசான்" என்ற அளவில்தான் தெரிவான். கணக்காய்வுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு மட்டும் நன்றாகப் பிடித்தது. முழு வளவையும் ஒரு கமராவால் காட்டலாம். ஆனால் முகம் வேண்டுமென்றால் ஆள் கட்டாயம் கடக்கிற ஒடுக்கமான இடத்தில், படலையடியில், பூட்டவேண்டும்.

இரண்டு கமரா வாங்கினேன். ஒன்று படலைக்கு. மற்றது கிணத்தடிக்கு. புது மோட்டர் பூட்டியாகிவிட்டது. அதைப் பார்க்கவேண்டும் என்பது மாமாவின் கட்டளை.

பூட்டின கதை

சனிக்கிழமை விடிய இரவு பஸ்ஸில் போய் இறங்கி, தேத்தண்ணி குடித்த கையோடு பெட்டியை உடைத்தேன். ஒரு மணித்தியாலம் ஆகியும் கமரா வைஃபையில் சேரவில்லை. கியூஆர் கோட்டைக் காட்டுகிறேன். "கனெக்ட் ஆகவில்லை" என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. "உவள் ஆரடி, வந்ததில இருந்து ஏலாது ஏலாது எண்டு கொண்டு நிக்கிறாள்" என்றா அம்மம்மா.

பிரச்சினை சின்னது. மலிவான கமராக்களில் அநேகமானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் மட்டும்தான் வேலை செய்யும். இப்ப வருகிற ரவுட்டர்கள் 2.4ஐயும் 5ஐயும் ஒரே பெயரில் காட்டும். போன் 5இல் நிற்கும், கமரா 2.4இல் தேடும், இரண்டும் ஒன்றையொன்று காணாது. ரவுட்டரின் செற்றிங்கில் போய் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, போனை 2.4இல் இணைத்த பிறகு, இரண்டு நிமிசத்தில் சேர்ந்துவிட்டது.

படலைக் கமரா சரி. கிணத்தடிக் கமரா சரிவரவில்லை. படம் உறைந்து உறைந்து வந்தது. அம்மம்மாவின் வீடு சுண்ணாம்புக் கல்லால் கட்டின பழைய வீடு. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. ரவுட்டர் முன் ஹோலில். கமரா குசினிக்குப் பின்பக்கம் வெளிச்சுவரில். இடையில் இரண்டு கல்சுவர். கமராவின் செற்றிங்கில் சிக்னல் அளவு மறை இலக்கமாக இருக்கும். பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. மறை 65க்குள் இருந்தால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். மறை 80ஐத் தாண்டினால் மல்லுக்கட்டல்தான். எங்களுடையது மறை 82. ரவுட்டரை நடு அறை யன்னலுக்கு மாற்றினேன். அலை கல்லுக்குள்ளால் போகாமல் யன்னலுக்குள்ளால் போனது. மறை 63. புதிதாக ஒன்றும் வாங்காமல் வந்த திருத்தம். ரிப்பீற்றர் வாங்க ஓடமுதல், ரவுட்டரை நகர்த்திப் பாருங்கள்.

ஞாயிறு இரவு சந்தோசமாகக் கொழும்புக்கு பஸ் ஏறினேன்.

பிரச்சினை ஒன்று, இரண்டு, மூன்று

திங்கள் இரவு கிணத்தடிக் கமரா நின்றுவிட்டது. செவ்வாய் விடிய தானாக வந்தது. செவ்வாய் இரவு திரும்ப நின்றது. பகலில் ஒரு குறையும் இல்லை, பொழுதுபட்டால் இல்லை. "பேய் பிடிச்ச கமரா" என்று மாமா பெயர் வைத்தார். ரவுட்டர், சிக்னல், ஆப் எல்லாவற்றையும் சந்தேகித்து ஒரு கிழமையை வீணாக்கினேன்.

அடுத்த முறை போனபோது பின்னேரம் கமராவுக்குக் கீழே கதிரை போட்டு இருந்தேன். இருட்டத் தொடங்க, உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம். பகலில் லென்சுக்குப் பின்னால், படம் பிடிக்கிற சென்சருக்கு முன்னால் நிற்கிற வடிகட்டி விலகி, இரவுப் பார்வைக்கு மாறுகிற சத்தம் அது. உடனே அகச்சிவப்பு எல்ஈடிகள் எரியும். எரிந்தன. கமரா செத்தது. திரும்ப உயிர்த்தது. "டிக்." திரும்பச் செத்தது. அப்போதுதான் பொறி தட்டியது. பிளக் தூரத்தில் இருந்ததால், கமராவோடு வந்த கட்டை வயரை விட்டுவிட்டு, 5 மீற்றர் மெல்லிய யூஎஸ்பி வயர் வாங்கிப் போட்டிருந்தேன். கமராவுக்கு வேண்டியது 5 வோல்ட். மெல்லிய நீள வயரில் கரண்ட் கூடப் போகப் போக வோல்ட் குறையும். பகலில் கமரா கொஞ்சம்தான் இழுக்கும், தாங்கும். இரவில் எல்ஈடிகளும் சேர்ந்து இழுக்க, வோல்ட் விழுந்து கமரா நின்றுவிடும். எலெக்ட்றீசியன் அண்ணையைப் பிடித்து கமராவுக்குக் கிட்ட ஒரு பிளக் பொயின்ற் போடுவித்து, பழைய கட்டை வயரையே பூட்டினேன். பேய் ஓடிவிட்டது. இரவில் மட்டும் நிற்கிற கமரா உங்களிடம் இருந்தால் முதலில் வயரைப் பாருங்கள்.

இரண்டாவது, டேட்டா. அம்மம்மா வீட்டில் பைபர் இல்லை. சிம் போடுகிற ரவுட்டர்தான். மாதப் பக்கேஜ் ஒன்பதாம் நாளே முடிந்துவிட்டது. கணக்குப் பார்த்தேன். கமரா கார்ட்டில் பதிவு செய்கிறபோது இன்டர்நெட் பெரிதாகத் தேவையில்லை. ஆராவது நேரடியாகப் பார்க்கிறபோதுதான் டேட்டா ஓடும். செக்கனுக்கு 1 மெகாபிற் என்றால் மணித்தியாலத்துக்கு 450 மெகாபைற். மாமாவிடம் கேட்டேன். அவர் ஒரு பழைய ரப்லெற்றில் கிணத்தடியை நேரடியாகப் போட்டு, ஸ்காபுறோவில் குசினி மேசையில் சாய்த்து வைத்திருக்கிறார். நாளுக்குப் பத்து மணித்தியாலம். நாலரை கிகாபைற். "சும்மா ஓடிக்கொண்டு நிக்கட்டும் எண்டு விட்டனான். கிணத்தடி மாமரத்தில அணில் ஓடுறது வடிவா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு என்னால் அவரை ஏச முடியவில்லை. 1996இல் போன மனுசன்.

மூன்றாவது, நேரம். ஒரு நாள் மாமா பதறி அடித்து எடுத்தார். "நேற்று இரவு ஏழரைக்கு ஆரோ தலையில துணி போட்டுக்கொண்டு, கையில தடியோட முற்றத்தில நிக்கிறான்!" படத்தைப் பார்த்தேன். அம்மம்மா. கையில் விளக்குமாறு. விடிய 5 மணி. கணக்கை மாமாவின் போனில் திறந்ததால் கமரா ரொறன்ரோ நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தி ஓடுகிறது. நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றினேன். சிரிப்பாக இருந்தாலும், ஒரு நாள் உண்மையாகவே பொலிசுக்குப் படம் கொடுக்க வேண்டி வந்தால் நேரம் பிழைத்த படம் வில்லங்கம்.

அம்மம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. "இனி முற்றம் கூட்டுறதுக்கும் வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கோணுமே பிள்ளை?" என்று கேட்டா. நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

சிலந்தியும் மற்றதும்

ஐப்பசி மழை தொடங்க, அலாரம் வெறிபிடித்து அடிக்கத் தொடங்கியது. ஒரு இரவில் நூறுக்கு மேல். காரணம் எட்டுக்கால் பூச்சி. அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வரும், பூச்சியைப் பிடிக்கச் சிலந்தி வந்து லென்சுக்கு முன்னால் வலை பின்னும், வலை காற்றில் ஆடினால் கமராவுக்கு அது பெரிய அசைவு. லென்சுக்குக் கிட்ட இருப்பதால் நூல் ஒன்றே கயிறு மாதிரி வெள்ளையாய்த் தெரியும். துணியால் துடைக்கலாம், அசைவின் உணர்திறனைக் குறைக்கலாம், "ஆள் மட்டும்" என்று வைக்கலாம், படத்தில் எந்தப் பகுதியைக் கவனிக்கவேண்டும் என்று கட்டம் போடலாம்.

கட்டம் போடுவதற்காகத்தான் ஒரு ஞாயிறு வெள்ளவத்தை அறையில் இருந்து பழைய துண்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். சிலந்தி. சிலந்தி. பூனை. மழை. சிலந்தி. பிறகு, இரவு 7.40. பக்கத்து வீட்டு அக்கா. குறுக்குக்கட்டோடு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக் குளித்துக்கொண்டு.

மூடிவிட்டேன். கை நடுங்கியது. பிறகு திகதிகளை மட்டும் பார்த்தேன். அதே நேரத்தில், பதினொரு நாள்.

அந்தக் கிணறு பங்குக் கிணறு. இரண்டு வீட்டுக்கும் பொது. வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. அதுக்குள்ளால் அக்கா வருவா, போவா. நான் சின்னப்பிள்ளையில் இருந்து அவவோடு அந்தக் கட்டில் இருந்துதான் உடுப்புத் தோய்த்தது. மோட்டர் இருக்கிற இடம் கிணத்தடி. கிணத்தடி பெண்கள் குளிக்கிற இடம். இது எனக்குத் தெரியாததா? கமராவைப் பூட்டுகிற அன்று சிக்னலைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், மோட்டர் தெரிகிறதா என்று பார்த்தேன். அது மட்டும் மண்டையில் ஓடவில்லை.

கணக்கின் பாஸ்வேர்ட் நாலு பேரிடம் இருந்தது. மாமா, மாமி, 19 வயசு மச்சான், நான். அசைவு வந்தால் நாலு போனுக்கும் சின்னப் படத்தோடு செய்தி போகும். ஆர் எந்தத் துண்டைத் திறந்தார்கள் என்று அந்த ஆப் காட்டாது.

முதலில் கிணத்தடிக் கமராவை நிற்பாட்டினேன். அம்மம்மாவுக்கு எடுத்து, ஏணி வைக்கவேண்டாம், பிளக்கை மட்டும் பிடுங்கச் சொன்னேன். பிறகு மாமாவுக்கு எடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. "நான் பகலில மரத்தைத்தான் பார்க்கிறனான் பிள்ளை. செய்தி வாறதுகள் பார்க்கிறேல்ல. சிலந்தி எண்டு விட்டிட்டன்" என்றார். மச்சான் முதல் நாளே செய்திகளை மியூற் பண்ணிவிட்டானாம். நம்பினேன். நம்பினேன் என்றுதான் சொல்லலாம், வேறு வழி எனக்கு இல்லை. எல்லாரையும் போனில் இருந்த படங்களை அழிக்கச் சொன்னேன். பாஸ்வேர்டை மாற்றினேன்.

அக்காவிடம் சொல்வதா, சத்தமில்லாமல் அழித்துவிட்டு இருப்பதா? மாமி சொன்னா, "சொல்லி ஏன் அந்தப் பிள்ளையின்ர மனசையும் குழப்புவான்?" எனக்கும் அதுதான் லேசாக இருந்தது. அம்மம்மாவிடம் கேட்டேன். "அவளின்ர உடம்பு. அவளுக்குத் தெரியாமல் நீங்கள் நாலு பேர் தெரிஞ்சு வைச்சிருக்கிறது சரியே?" என்றா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளி பஸ் ஏறினேன்.

அக்கா சொன்னது

அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து சொன்னேன். அவ கேட்டுக்கொண்டே முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தா. முடியுமட்டும் நிமிரவில்லை.

"கமரா பூட்டினது எனக்குத் தெரியும்" என்றா பிறகு. "அதுதான் நான் முந்தி மாதிரி பின்னேரம் குளிக்கிறதை விட்டிட்டன். இருட்டினாப் பிறகு வந்தா ஒண்டும் தெரியாது எண்டு நினைச்சன். சிவப்பா ஒரு லைற் மாதிரி மினுங்கினது. அது கரண்ட் இருக்கு எண்டு காட்டுற லைற்றாக்கும் எண்டு இருந்தனான்."

நான் படித்து வைத்திருந்த விசயம் ஒன்று அப்போது தொண்டையில் அடைத்தது. 850 நனோமீற்றர் அகச்சிவப்பு எல்ஈடி இருட்டில் மங்கல் சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும். 940 நனோமீற்றர் தெரியாது. அக்கா கண்டது கமரா இருட்டைப் பார்க்கிற வெளிச்சத்தை. கமராவுக்கு ஒளிக்கத்தான் அவ இருட்டுக்கு மாறியிருக்கிறா. இருட்டில்தான் அது அவவைப் பிடித்திருக்கிறது.

"ஆர் ஆர் பார்த்தவை?" என்று கேட்டா.

யாருடைய போனுக்குப் போனது என்று நாலு பேரையும் சொன்னேன்.

"அந்தப் பொடியனுக்குமோ?"

"ஓம் அக்கா. போனுக்குப் போயிருக்கு. பார்க்கேல்ல எண்டு சொல்லுறான்."

அவ தலையை ஆட்டினா. எழும்பி உள்ளே போய்விட்டா. நான் கொஞ்ச நேரம் அந்த விறாந்தையில் தனியே இருந்துவிட்டு வந்தேன்.

அன்று இரவு அம்மம்மா ஒன்று சொன்னா. "முந்தி சென்றியால போகேக்க, பார்க்கிறவங்களைப் பார்க்காமல், குனிஞ்ச தலையோட போகப் பழகினனாங்கள். றோட்டிலதான் அப்பிடி. வீட்டுக்க வந்தா நிமிர்ந்திடுவம்." அவ கமராவைப் பற்றிச் சொன்னாவா, அக்காவைப் பற்றியா, தன்னைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். படலைக் கமராவின் ஓரத்தில் விறாந்தையும் விழும். கமரா வந்த நாளில் இருந்து அம்மம்மா பின்னேரத்தில் விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் இருப்பதில்லை. கதிரையைக் குசினிக்குள் இழுத்து வைத்திருந்தா. மூன்று மாதம். எனக்கு ஒவ்வொரு நாளும் படம் வந்தது. கதிரை இல்லாதது தெரியவில்லை.

பிறகு செய்தது

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் தனியாள் ஒருவர் தன் வீட்டுத் தேவைக்காக மட்டும் செய்கிற விசயங்கள் அதற்குள் வராது. ஆகவே இந்த மாதிரி வீட்டுக் கமரா விசயத்தில் பெரும்பாலும் நாங்களே எங்களுக்குக் கோடு கிழிக்கவேண்டும். நாங்கள் கிழித்த கோடுகளை எழுதுகிறேன்.

கிணத்தடிக் கமராவைக் கழட்டினோம். அதை மறைத்து வைக்கலாமா என்றும் பார்த்தேன். இங்கே ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கவேண்டும். ஆப்பில் "அசைவுப் பகுதி" என்று கட்டம் போடுவது அலாரத்தைத்தான் குறைக்கும். படம் முழுக்கப் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மூடுகிற வசதி வேறு. அது எல்லாக் கமராவிலும் இல்லை. எங்களுடையதில் இல்லை. இருந்திருந்தாலும், மேலே ஒரு கமரா நிற்கிற கிணத்தடியில் அக்கா நிமிர்ந்து குளிப்பா என்று நான் நம்பவில்லை.

மோட்டருக்கு ஒரு இரும்புக் கூடு ஒட்டுவித்து, சீமெந்துக்குள் இறக்கி, ஆமைப்பூட்டுப் போட்டோம். கமராவை விட மலிவு.

படலைக் கமராவைத் திருப்பினோம். விறாந்தை இல்லை, ஒழுங்கையில் போகிற சனம் இல்லை. படலையும் உள்ளே வருகிற நாலடி வழியும் மட்டும். அந்த மூன்று மீற்றர் கணக்குக்கும் அதுதான் சரி.

ஒரே பாஸ்வேர்டை எல்லாருக்கும் கொடுப்பதை நிற்பாட்டினோம். கணக்கு அம்மம்மாவின் பெயரில், அம்மம்மாவின் போனில். மாமாவுக்கும் எனக்கும் "பகிர்வு" மட்டும்; வேண்டாம் என்றால் அவவே எடுத்துவிடலாம். இரட்டைச் சரிபார்ப்புப் போட்டோம். 2016இல் மிராய் என்ற தீநிரல், கம்பனி போட்டுவிட்ட பாஸ்வேர்டை மாற்றாத கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடித் தேடிப் பிடித்து, அவற்றை ஒரு படையாக்கி, அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்களையே விழுத்தியது. எங்கோ நடந்த கதைதான். ஆனால் அப்படி வருகிறவர்களுக்குக் கதவு திறந்து கிடப்பது எங்கள் வீட்டுக் கமராவில்.

கார்ட் 64 கிகாபைற். செக்கனுக்கு 1 மெகாபிற் வீதம் ஓய்வில்லாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 11 கிகாபைற் அளவு. ஐந்து நாளில் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். முதலில் இது குறைவென்று கவலைப்பட்டேன். இப்போது நல்லதென்று படுகிறது. ஐந்து நாளுக்கு மேல் ஒருவருடைய வரத்துப் போக்கை நாங்கள் வைத்திருக்கத் தேவையில்லை.

ரவுட்டருக்கும் கமராவுக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ். ரவுட்டருக்கு 12 வோல்ட், கமராவுக்கு 5 வோல்ட், இரண்டும் வருகிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை அனுபவித்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவ்வளவு நீளத்துக்கு எந்தக் குட்டி யூபிஎஸ்ஸும் தாங்காது என்பதையும்தான்.

கடைசியாக, அம்மம்மா கேட்டது ஒன்று. கமராவுக்கு ஒரு சுவிச். ஆப்பில் இல்லை, சுவரில். அவவின் கைக்கு எட்டுகிற உயரத்தில். மாமா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப என்னத்துக்கு அம்மா கமரா?" என்றார். "கள்ளனுக்கு. எனக்கில்லை" என்றா அம்மம்மா. எலெக்ட்றீசியன் அண்ணை அரை மணித்தியாலத்தில் பூட்டிவிட்டுப் போனார்.

அக்கா ஒரு கிழமை பொட்டுக்குள்ளால் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து, குழாய்த் தண்ணியில் குளிக்கிற சத்தம் மட்டும் கேட்டதாக அம்மம்மா சொன்னா. இரண்டாவது கிழமை இரும்புக் கூட்டைப் பார்க்க வந்திருக்கிறா. பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதை முதலே செய்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, ஒரு வாளி தண்ணி அள்ளிக்கொண்டு போயிருக்கிறா. மார்கழியில் நான் போனபோது என்னோடு கதைத்தா. முந்தி மாதிரி இல்லை. ஆனால் கதைத்தா.

இப்போது பின்னேரம் நாலு மணிக்குக் கிட்ட என் போனுக்கு ஒரு செய்தி வரும்: "உங்கள் கமரா இணைப்பில் இல்லை." முந்தி என்றால் பதறி ரவுட்டரா, வயரா, கரண்டா என்று தேடத் தொடங்கியிருப்பேன். இப்போது வேலை மேசையில் இருந்தபடி அதைத் தள்ளிவிடுகிறேன். சாய்மனைக் கதிரை விறாந்தைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆறு மணிக்குக் கமரா திரும்ப வரும். ஆறரைக்கும் வராவிட்டால் எடுத்துக் கேட்பேன். போன கிழமை அப்படி எடுத்தபோது, "ஓமடி, போட மறந்திட்டன். இவள் வந்திருந்தவள், கதையில இருந்திட்டம்" என்றா.